வாழையிலைப் பொட்டலம்

பூக்காரர்கள் பொட்டலம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இலைத் துண்டில் பூவை வைத்து, இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, ஈரமான வாழைநாரை இரண்டு சுற்றுச் சுற்றி நுனியை உள்ளே செருகிவிடுவார்கள். முடிச்சே இருக்காது. அறுபத்து மூன்று வயதில் நான் அதைக் கற்றுக்கொண்டேன். அந்தச் செருகலில் மட்டும் எனக்கு நம்பிக்கை வரவில்லை, இன்ஜினியர் புத்தி, அதனால் இரட்டை முடிச்சுப் போடுவேன். ஏழு மாதம், தினம் இரண்டு பொட்டலம். உள்ளே பூ இல்லை. என் மனைவியின் டயப்பர் இருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் கேஸ் டர்பைன்களோடு குடும்பம் நடத்தியவன் நான். மாம்பலத்தில் மின்சார ரயிலைப் பிடித்து, கடற்கரையில் வண்டி மாறி, வடக்கே இருந்த மின் நிலையத்துக்குப் போய்வருவேன். என் வேலையின் கடைசி சில வருஷங்களில் டர்பைன்களுக்குப் பக்கத்தில் ஒரு கொதிகலனைக் கட்டினார்கள். எரிவாயுவை மட்டும் நம்பாமல் காய்கறிக் கழிவு, இலை, மட்டை, பூ எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுப்பது திட்டம். ஈரக் குப்பை எங்கே எரியும் என்று முதலில் சிரித்தவர்களில் நானும் உண்டு. டர்பைனிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டில் ஒரு பங்கைத் திருப்பி, ஒரு பெரிய சுழலும் உருளைக்குள் விட்டார்கள். உள்ளே போன குப்பை மறுமுனையில் சருகாக வந்தது. சருகு கொதிகலனில் எரிந்தது. அதன் நீராவியும் டர்பைன் சூட்டில் உண்டாகும் நீராவியும் ஒன்றாகப் போய் இன்னொரு சக்கரத்தைச் சுற்றின. முதல் தடவை சுற்றியபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். வாழைமட்டையில் விளக்கு எரிகிறது என்று அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவை அவள் சாதத்தைப் பரிமாறிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் பகுதியின் பச்சைத் தொட்டியில் போடும் மக்கும் குப்பையும் அங்கே போகும் என்று அறிவிப்பு வந்தது. விடுவேனா? மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்து ஒரு வேனும் ஒரு சைக்கிளும் எதிரெதிரே வந்தால் சண்டை வரும் அகலம். அந்தச் சந்துக்கு நான்தான் குப்பை அதிகாரி என்று நானே நியமித்துக்கொண்டேன். அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைப் பலகையில் கொதிகலன் படம் வரைந்து, டிகாக்ஷன் சக்கை எங்கே போகிறது, முருங்கைச் சக்கை எங்கே போகிறது என்று வகுப்பெடுத்தேன். பச்சைத் தொட்டியில் ஷாம்பு பாக்கெட்டைப் போட்ட ஒரு இளம் தம்பதியின் பாக்கெட்டைக் கிளிப் போட்டு நோட்டீஸ் பலகையில் தொங்கவிட்டேன். அந்தப் பெண் ஒரு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மனைவி என்னைக் குப்பைக் கலெக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தாள். உள்ளுக்குள் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

டயப்பர், நாப்கின் பற்றிய விதியையும் நான்தான் எழுதி ஒட்டினேன். செய்தித்தாளில் சுற்றி, சிவப்புப் பேனாவால் பெரிய வட்டம் போட்டு, பணியாளர் கையில் நேராகக் கொடுக்க வேண்டும். அது வேறு உலைக்குப் போகும். பச்சைத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் விளக்கியிருந்தேன். உள்ளே இருக்கிற ஜெல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது, உருளையில் எவ்வளவு சுற்றினாலும் உலராது. அதிலுள்ள உப்பு, சாம்பலை உருக வைக்கும். உருகிய சாம்பல் எரிதட்டில் பாறையாக இறுகும். கொதிகலனை நிறுத்தி, ஆற வைத்து, ஆள் இறங்கி உளியால்தான் உடைக்க வேண்டும். இத்தனையும் தெரிந்தவன் நான்.

அதற்கு அடுத்த வருஷம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுதும் போயிற்று. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு வந்தது. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். சந்தில் பாதிப் பேர் அவளிடம் டியூஷன் படித்தவர்கள். அந்த ஷாம்புப் பெண்ணுக்குக்கூட அவள்தான் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த அன்று, நான் முதல் டயப்பரை மாற்றி முடித்ததும், அவள் இடது கையால் என் சட்டையைப் பிடித்து, தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. சரி என்றேன்.

காலை ஏழு மணிக்குப் பேட்டரி வண்டி வரும். சந்தே தொட்டியோடு வாசலில் நிற்கும். அடுத்தவர் தொட்டியை எட்டிப் பார்ப்பது எங்கள் சந்தின் காலைக் காப்பி. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் சிவப்பு வட்டம் போட்ட பொட்டலத்தை நான் நீட்டினால் என்ன ஆகும்? டீச்சருக்கா இந்த நிலை என்று சந்தே பேசும். உபதேசத்தை எழுதி ஒட்டியவனுக்கு அதைப் பின்பற்ற முடியவில்லை. பூ வாங்கும்போது வரும் இலையையும் நாரையும் எடுத்து வைத்தேன். பொட்டலத்தைக் கட்டிப் பச்சைத் தொட்டியின் அடியில் வைத்து, மேலே கீரைத் தண்டைப் போட்டேன்.

மனசாட்சிக்கு ஒரு கணக்கும் வைத்திருந்தேன். லாரி லாரியாகக் குப்பை போகிற இடத்தில் தினம் இரண்டு பொட்டலம் என்ன செய்துவிடும்? ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. என் கீழ் வேலை பார்த்து இப்போது அந்தக் கொதிகலனைக் கவனிக்கிறவனிடம் போனில் பேச்சுவாக்கில் விசாரித்தேன். உங்க ஏரியா லோடுதான் சார் ரொம்ப சுத்தம் என்றான். நான் அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். நான் பயந்த அளவுக்கு இயந்திரம் மோசமில்லை, தாங்குகிறது என்று முடிவு கட்டினேன்.

வண்டி ஓட்டி வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஆதம்பாக்கத்திலிருந்து விடியற்காலை ரயிலில் வருவாள். குப்பையை வாங்கி, வண்டியின் பின்னால் நின்று, கையுறை போட்ட கையால் ஒரு தடவை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டியில் கொட்டுவாள். எங்கள் வீடு தரைத்தளம். பக்கவாட்டு நடையை ஒட்டி மனைவியின் ஜன்னல். அந்தப் பெண் எங்கள் தொட்டியை வாங்கிக்கொண்டு நடைக்குள் போய் ஜன்னலருகே நின்று மனைவியோடு பேசுவாள். நானே இரண்டு தடவை கேட்டால்தான் புரிந்துகொள்கிற பேச்சு அவளுக்கு ஒரே தடவையில் புரியும். உள்ளேயிருந்து மனைவி சிரிக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அது எரிச்சலாக இருந்தது, என்னோடு இருக்கும்போது அவள் சிரிப்பதில்லை. வண்டி நடுச்சந்தில் நிற்கிறது, பின்னால் ஸ்கூட்டர்காரர் ஹார்ன் அடிக்கிறார் என்று ஒருநாள் சத்தம் போட்டேன். இதோ போய்க்கினே கீறேன் சார் என்று தொட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏழாவது மாதம் அவள் அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். காஞ்சிபுரம் பக்கம் ஊர். கருமாதி முடியும் வரை வர முடியாது. இந்த மாதிரி நேரத்தில் குப்பை வண்டிக்காரர்கள் ஒப்பந்தக் கம்பெனிக்குச் சொல்வதில்லை; சொன்னால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள், திரும்பி வந்தால் தெரு இருக்காது. வீட்டில் யாரையாவது அனுப்பி வைப்பார்கள். அவள் நாத்தனாரை அனுப்பினாள். நாத்தனார் பாவம், தொட்டியை வாங்கினாள், கொட்டினாள், போனாள். நான் வழக்கம்போல இலையைக் கழுவி, நாரை நனைத்து, முடிச்சுப் போட்டேன்.

பத்தாம் நாள் காலையில் என் பழைய ஜூனியர் போன் செய்தான். குரலில் சிரிப்பில்லை. கொதிகலனை மூன்று நாள் முன்பே நிறுத்திவிட்டார்களாம். எரிதட்டு முழுக்கக் கட்டி பிடித்து, உள்ளே இறங்கி உடைத்துக்கொண்டிருக்கிறார்களாம். இவ்வளவும் ஒரு வீட்டுப் பொட்டலத்தால் வந்ததில்லை, பல தெருவில் கொஞ்ச நாளாகவே கவனமில்லை என்றும் சொன்னான். ஆனால் நிறுத்திய பிறகு உருளைக்குப் போகாமல் நின்ற லோடைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு தெருவுடையதில் மட்டும் விசித்திரமாக ஒன்று கிடைத்ததாம். எந்த வண்டி என்பதைப் பதிவு காட்டிவிட்டது. படம் அனுப்பினான். சிமென்ட் தரையில் வரிசையாக ஆறு பொட்டலங்கள். வாடிய வாழையிலை, வாழைநார், ஒவ்வொன்றிலும் இரட்டை முடிச்சு.

எவ்வளவு பொறுமையா கட்டியிருக்கான் பாருங்க சார் என்றான். ஆமாம்ப்பா என்றேன்.

மறுநாள் அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள். அன்றே ஒப்பந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர் வந்து கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் போட்டார். நான் வகுப்பெடுத்த அதே இடம், அதே நாற்காலிகள். வெள்ளைப் பலகையின் ஓரத்தில் நான் வரைந்த கொதிகலன் பாதி அழிந்து கிடந்தது. படத்தைப் போனில் எல்லோருக்கும் காட்டினார்கள். எந்த வீடு, எந்த வீடு என்று பேச்சு எழுந்தது. என் வீட்டுப் பக்கம் ஒரு கண்கூடத் திரும்பவில்லை. விதியை எழுதியவன் வீடல்லவா?

சூப்பர்வைசருக்கு வீட்டைத் தேடுவதில் அக்கறை இல்லை. குடியிருப்பவர்கள் மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. தெருவுக்குப் பொறுப்பு பணியாளர்தான். சொல்லாமல் வேறு ஆளை அனுப்பியது ஒரு குற்றம். பொட்டலத்தை விட்டது இன்னொரு குற்றம். நாத்தனார் வந்தது பத்து நாள்தானே, ஒரு தடவை மன்னித்துவிடலாமே என்று எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டார். அது முன்னாலிருந்தே போய்க்கொண்டிருந்ததா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்றார் சூப்பர்வைசர். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க பிளான்ட்லயே இருந்தவரு. நீங்களே சொல்லுங்க. தினம் ஒழுங்கா கிளறிப் பாக்கிற ஆள் கண்ணுல இது படாமப் போகுமா?"

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். என் வீடு. அவ்வளவுதான். உள்ளே படுத்திருப்பவளுக்குக் கொடுத்த வாக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோட்டீஸ் பலகையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டும் ஞாபகத்துக்கு வந்தது. அந்த ஷாம்புப் பெண் எனக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள்.

"படாமப் போகாது," என்றேன்.

சரியான பதில். இன்றைக்கும் அதில் ஒரு பிழை சொல்ல முடியாது. குப்பைக்காரி கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதில் கோபமிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தியது போலிருந்தது. பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, நாத்தனாரை அனுப்பினது என் தப்புதான் சார் என்று மட்டும் சொன்னாள். அன்று மதியமே அவளை நிறுத்திவிட்டார்கள்.

மறுநாள் காலை வேறு ஒருவர் வண்டியோடு வந்தார். ஜன்னல் பக்கம் யாரும் வரவில்லை. மனைவி என்னைக் கூப்பிட்டு, அவள் எங்கே என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன், என் பதிலை மட்டும் விட்டுவிட்டு. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். முப்பத்தாறு வருஷம் என்னோடு வாழ்ந்தவள், எதை விட்டேன் என்று அவளுக்குத் தெரியும். சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"பொட்டலத்த... தினம்... அவதான்... எடுப்பா."

எனக்குப் புரியவில்லை. புரிய வைக்க அவளுக்கு அரைமணி நேரம் ஆனது. முதல் நாளே அந்தப் பெண் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டாளாம். தொட்டியை எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்கு வந்து, இதை நான் தனியா போட்டுக்கிறேன்க்கா, நீ கவலப்படாத என்றாளாம். அன்றிலிருந்து தினம் நடைக்குள் வந்தது அதற்குத்தான். யார் கண்ணிலும் படாமல் அங்கே நின்று பிரித்து, செய்தித்தாளில் சுற்றி, சிவப்பு வட்டம் போட்டு எடுத்துப்போயிருக்கிறாள். சிவப்புப் பேனாவைக் கொடுத்தது என் மனைவி. டீச்சர் வைத்திருந்த பழைய திருத்தும் பேனா.

இயந்திரம் ஏழு மாதம் எதையும் தாங்கவில்லை. ஒரு பெண்ணின் இரண்டு கைகள் தாங்கின. அந்தக் கைகள்மேல்தான் நான் பழியைப் போட்டேன்.

தெருவுக்குத் தெரிய வேண்டாம் என்று நீதானே சொன்னாய் என்று கேட்டேன். அந்த நேரத்திலும் வாதாடுகிற புத்தி. அது ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு என்றாள். பயத்தில் சொன்னேன் என்றாள். "அப்புறம்... நீங்க... கேக்கவே இல்லையே."

அன்றைக்கே ஆதம்பாக்கம் போனேன். பரங்கிமலையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய், ஏரிப்பக்கத்துச் சந்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டாள். அம்மாக்கு எப்டி கீது சார் என்றுதான் முதலில் கேட்டாள். எனக்கு உட்கார முடியவில்லை. எல்லாம் தெரிந்துமா கூட்டத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும் சார். பூப் பொட்டலம் இவ்ளோ கனமாவா இருக்கும்? அம்மாதான் சொல்லிச்சு, சாருக்குத் தெரிய வாணாம், ரோசக்காரரு, நொந்துடுவாருன்னு. ஊருக்குப் போறப்ப நாத்தனார்கிட்ட சொல்ட்டுப் போயிருக்கணும். அதையும் அம்மாவைக் கேக்காம எப்டி சொல்றதுன்னு வுட்டுட்டேன்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. பேசிக்கொண்டே முறத்தில் கல்லைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். என் மானத்தைக் காப்பாற்ற இரண்டு பெண்கள் ஏழு மாதம் கூடிப் பேசியிருக்கிறார்கள். காப்பாற்றுவது நான்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்றேன். இன்னா சார் பெரிய வார்த்தைலாம் என்று சொல்லிவிட்டு, முறத்தை ஒரு தட்டுத் தட்டி, கூட்டத்துல அந்த வார்த்தைய நீங்க சொல்லியிருக்க வேணாம் சார் என்றாள். எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்தேன். என் வீட்டுப் பொட்டலம், நான் கட்டியது, அந்தப் பெண் அதைத் தினமும் பிரித்தெடுத்து வந்தவர், அவரை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதினேன். சூப்பர்வைசர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். வேற ஆள் போட்டாச்சு சார் என்றார். சொல்லாமல் ஆள் மாற்றியது மாற்றியதுதான், இதை மேலே அனுப்பினால் அவள் விதியை மீறிப் பொட்டலத்தை மறைத்ததாகவும் சேர்ந்துவிடும், பரவாயில்லையா என்று கேட்டார். நான் உடைத்ததை ஒட்ட வைக்க இன்னும் உடைக்க வேண்டும் போலிருந்தது. அடுத்தடுத்து மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் சீட்டில் இல்லை. அவள் இப்போது நந்தனத்தில் ஒரு ஆபீஸில் கழிவறை கழுவுகிறாள் என்று நாத்தனார் சொன்னாள். அங்கே நிரந்தரமில்லையாம்.

கார் நிறுத்துமிடத்திலும் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு, என் வீடுதான் என்றேன். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். எதிர்வீட்டுப் பெரியவர், தன் அம்மாவுக்கு நாலு வருஷம் டயப்பர் கட்டியதாகச் சொன்னார். ஷாம்புப் பெண் எழுந்து வந்து, டீச்சரைப் பார்க்கலாமா அங்கிள் என்று கேட்டாள். இவ்வளவுதானா? இதற்காகவா? வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இப்போது காலை ஏழு மணிக்குச் சிவப்பு வட்டம் போட்ட பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடுச்சந்தில் நிற்கிறேன். புதிய ஆள் வாங்கி வண்டியின் ஓரப்பையில் போடுகிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொதிகலன் ஓடுகிறது. எங்கள் லோடு இப்போதும் சுத்தம் என்று ஜூனியர் சொல்கிறான்.

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து மனைவிக்குக் காப்பி ஆற்றிக் கொடுப்பேன். இப்போது எதையும் கேட்டுத்தான் செய்கிறேன். ஜன்னலைத் திறக்கட்டுமா, காற்று வரும் என்று தினமும் கேட்கிறேன்.

"அவ வந்தா... தெறங்க," என்கிறாள்.

அவ்வளவு காற்று வந்த ஜன்னல். சாத்தியே கிடக்கிறது.